சுவரில் ஒரு திரை: வீட்டுக் கட்டுப்பாட்டுப் பலகையை அமைக்கும் முறை

இன்றைய இல்லங்களில் இணையத்தோடு இணைந்த கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாக இடம்பிடித்து வருகின்றன. முதலில் நிறம் மாறும் மின்விளக்கு ஒன்று வருகிறது. அடுத்து கீசருக்கு ஒரு ஸ்மார்ட் பிளக், பின்னர் வாசலில் ஒரு கேமரா, அதன்பின் ஏ.சி.யை இயக்க ஒரு சிறு கருவி. ஒவ்வொன்றுக்கும் ஒரு செயலி உண்டு. அச்செயலிகள் அனைத்தும் பெரும்பாலும் ஒருவருடைய கைப்பேசியிலேயே இருக்கின்றன. அவர் காலையில் பணிக்குப் புறப்பட்டால், வீட்டின் பொத்தான்களும் அவருடன் புறப்பட்டுவிடுகின்றன. வீட்டில் இருக்கும் முதியவர், தம் அறையின் விளக்கை அணைக்க மகனைத் தொலைபேசியில் அழைக்க வேண்டிய நிலை உண்டாகிறது.

இக்குறையைப் போக்கவே சுவரில் பொருத்தும் கட்டுப்பாட்டுப் பலகை பயன்படுகிறது. வீட்டிலுள்ள கருவிகளை ஒரே திரையில் கொண்டுவந்து, அதைப் பொது இடத்தில் நிலையாக நிறுத்துவதே அதன் பணி. ஆயினும் கைப்பேசிக்கும் சுவர்ப் பலகைக்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. கைப்பேசி ஒருவருக்கு உரியது. பலகை வீட்டுக்கு வருவோர் போவோர் அனைவர் கைக்கும் எட்டுவது. நம் முன்னோர் விளக்கை மாடத்தில் வைத்தனர். பெட்டிச் சாவியை மடியில் முடிந்துகொண்டனர். இரண்டையும் ஒரே இடத்தில் வைக்கவில்லை. சுவர்ப் பலகை அமைக்கும்போதும் இந்த ஒழுங்கையே நாம் பின்பற்ற வேண்டும். எது எல்லோருக்கும் எட்ட வேண்டுமோ அது பலகையில் இருக்கட்டும். எது ஒருவருக்கே உரியதோ அது பலகைக்கு வரவே கூடாது.

இவ்விதியை அடிப்படையாகக் கொண்டு, பலகையைத் தேர்ந்தெடுப்பது முதல் சோதித்துப் பார்ப்பது வரையிலான படிகளை இக்கட்டுரையில் காண்போம். விளக்கத்திற்காக ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். புனே நகரில், இரண்டு படுக்கையறைகள் கொண்ட அடுக்கக வீடு. பணிக்குச் செல்லும் கணவன் மனைவி, பள்ளி செல்லும் மகள், எழுபது வயதைக் கடந்த பாட்டி ஆகிய நால்வர் வாழ்கின்றனர். பகல் நேரத்தில் பாட்டியும், வீட்டு வேலைக்கு உதவ வரும் அம்மாளும் மட்டுமே வீட்டில் இருப்பார்கள்.

மூன்று வகைப் பலகைகள்

கட்டுப்பாட்டுப் பலகைகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, சுவரிலுள்ள சுவிட்ச் போர்டின் இடத்திலேயே பொருத்தப்படும் தொடுதிரை. இதற்கு வீட்டின் 230 வோல்ட் மின்சாரம் நேரடியாகச் செல்கிறது. பார்வைக்கு நேர்த்தியானது. ஆனால் பொருத்துவதற்கு மின்பணியாளர் கட்டாயம் தேவை. பழுதடைந்தால் அதே அளவுள்ள பலகையே மாற்றாகக் கிடைக்க வேண்டும்.

இரண்டாம் வகை, திரையுடன் கூடிய குரல்வழி ஒலிபெருக்கி. வாங்கிய அன்றே பயன்படுத்தலாம். ஆனால் இவ்வகைக் கருவிகள் பெரும்பாலும் நிறுவனத்தின் சேவையகத்தைச் சார்ந்தே இயங்குகின்றன. இணையம் நின்றால் இவற்றின் பயன் வெகுவாகக் குறைந்துவிடும். மேலும், எப்போதும் செவிமடுக்கும் ஒலிவாங்கி ஒன்று கூடத்தில் இருப்பதற்கு வீட்டார் அனைவரும் உடன்பட வேண்டும்.

மூன்றாம் வகை, ஒரு டேப்லெட்டைச் சட்டத்தில் பொருத்திச் சுவரில் மாட்டுவது. செலவு குறைவு, பழுதானால் மாற்றுவதும் எளிது. இத்துடன், வீட்டுக்குள்ளேயே இருக்கும் சிறு கணினி ஒன்றில் கட்டுப்பாட்டு மென்பொருளை நிறுவுவோரும் உண்டு. 2013-இல் தொடங்கப்பட்ட ‘ஹோம் அசிஸ்டன்ட்’ என்னும் திறமூல மென்பொருள் இதற்குப் பெயர்பெற்றது. பல நிறுவனங்களின் கருவிகளை ஒரே திரையில் இணைக்க இது உதவுகிறது. வெளி இணையம் இல்லாவிடினும் வீட்டு வலையமைப்புக்குள் இயங்கவல்லது. ஆனால் இதை நிறுவவும் பராமரிக்கவும் கணினிப் பழக்கம் உள்ள ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும்.

எவ்வகையைத் தேர்ந்தெடுத்தாலும், வாங்கும் முன் விற்பனையாளரிடம் ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்: “இணையம் நின்றுபோனால் இந்தப் பலகையால் விளக்கை அணைக்க முடியுமா?” பல நிறுவனங்கள் கூடி உருவாக்கிய ‘மேட்டர்’ என்னும் பொதுத் தரத்தின் முதல் பதிப்பு 2022 அக்டோபரில் வெளியாயிற்று. அத்தரத்தைப் பின்பற்றும் கருவிகள் வீட்டு வலையமைப்புக்குள்ளேயே ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வகையில் அமைக்கப்பட்டுள்ளன. புதிய கருவி வாங்குவோர் அட்டைப்பெட்டியில் அந்தக் குறியீடு உள்ளதா எனப் பார்ப்பது நன்று.

வாங்குவதற்கு முன் ஒரு தாள்

கடைக்குச் செல்லும் முன் ஒரு தாளில் மூன்று பத்திகள் வரையுங்கள். முதற்பத்தியில் வீட்டில் உள்ளோர் பெயர். இரண்டாவதில் அவர் நாள்தோறும் தொடும் சுவிட்சுகள். மூன்றாவதில் அவர் தொடக்கூடாதவை. புனேக் குடும்பத்தின் தாளில் பாட்டியின் பெயருக்கு எதிரே அறை விளக்கு, மின்விசிறி, காலை கீசர், மாலையில் பூசை அறை விளக்கு ஆகியவை இருக்கும். மகளுக்கு எதிரே தன் அறை விளக்கும் தொலைக்காட்சியும். வேலைக்கு உதவ வரும் அம்மாளுக்கு எதிரே சமையலறை விளக்கும் வாஷிங் மெஷினும்.

இத்தாளை எழுதி முடித்தால் ஓர் உண்மை புலப்படும். வீடு முழுவதற்கும் நாள்தோறும் தேவைப்படும் பொத்தான்கள் எட்டு அல்லது பத்தைத் தாண்டுவதில்லை. ஆகவே பெரிய திரையும் நூறு கருவிகளை இணைக்கும் திறனும் பெரும்பாலான இல்லங்களுக்கு வேண்டியதில்லை. தேவையின் அளவே செலவின் அளவாக அமையட்டும்.

இடமும் உயரமும்

வீட்டார் அனைவரும் கடந்து செல்லும் இடமே பலகைக்கு ஏற்றது. கூடத்திலிருந்து படுக்கையறைகளுக்குச் செல்லும் வழி பெரும்பாலும் பொருத்தமாக இருக்கும். வாசற்கதவைத் திறந்ததும் வெளியில் நிற்பவர் கண்ணுக்குத் திரை தெரியக்கூடாது. வீட்டில் ஆள் இருக்கிறார்களா, கேமரா எந்தப் பக்கம் பார்க்கிறது என்பவற்றை அந்நியருக்கு நாமே அறிவிக்க வேண்டியதில்லை.

அடுப்புக்கு அருகிலும், குளியலறைச் சுவரின் மறுபக்கத்திலும், நேர்வெயில் படும் இடத்திலும் பலகையைப் பொருத்தக்கூடாது. மும்பை, கொங்கண் போன்ற மழை மிகுந்த பகுதிகளில் வெளிப்புறச் சுவர்கள் பருவமழைக் காலத்தில் ஈரம் ஏறி நிற்கும். அங்கே உட்புறச் சுவரையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

திரையின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறத்தாழ 1.4 மீட்டர் உயரத்தில் இருந்தால் நின்றுகொண்டு பயன்படுத்துவோருக்கு வசதி. சக்கர நாற்காலியில் இருப்பவரோ சிறு குழந்தையோ பயன்படுத்த வேண்டுமானால் 1.1 மீட்டர் அளவுக்கு இறக்கலாம். பொருத்துவதற்கு முன், திரையின் அளவுக்கு ஓர் அட்டையை வெட்டிச் சுவரில் ஒட்டி, இரண்டு நாள்கள் அப்படியே விட்டுப் பாருங்கள். யாருக்கு எட்டவில்லை, யார் தோள் இடிக்கிறது என்பது தானே தெரிந்துவிடும்.

அதே இடத்தில் கைப்பேசியை வைத்து வை-ஃபை அலை நன்றாகக் கிடைக்கிறதா எனவும் பாருங்கள். கான்கிரீட் தூண்களும் இரும்பு அலமாரிகளும் அலையைத் தடுக்கும். ஸ்மார்ட் பிளக், விளக்கு போன்ற பெரும்பாலான கருவிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே ஏற்கும். புதிய ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் இயக்கப்பட்டிருந்தால் கருவி இணையாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

துளையிடும் முன் இன்னொரு கவனம் தேவை. சுவருக்குள் பதித்த மின்குழாய்கள் பொதுவாகச் சுவிட்ச் போர்டுகளுக்கு நேர் மேலேயும் கீழேயும் செல்கின்றன. அந்தச் செங்குத்துக் கோட்டை விட்டு விலகியே துளையிட வேண்டும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, ரசமட்டம் வைத்துக் குறியிட்டு, பின்னரே துளையிடுங்கள். வாடகை வீடானால் துளையிட உரிமையாளரின் ஒப்புதலை எழுத்தில் பெறுங்கள். இல்லையேல் மேசைமீது நிற்கும் தாங்கியே போதும்.

மின் இணைப்பு: மின்பணியாளரிடம் கேட்க வேண்டியவை

சுவிட்ச் போர்டின் இடத்தில் பொருத்தும் பலகைக்கும் பெரும்பாலான ஸ்மார்ட் சுவிட்சுகளுக்கும் ‘நியூட்ரல்’ கம்பி தேவை. நம் நாட்டு வீடுகளில் பிளக் பாயின்ட் உள்ள போர்டுகளில் நியூட்ரல் இருக்கும். விளக்கு, மின்விசிறிக்கான சுவிட்சுகள் மட்டும் உள்ள போர்டுகளில் பல நேரங்களில் இருப்பதில்லை. நியூட்ரல் இல்லாத இடத்தில் எர்த் கம்பியை நியூட்ரலுக்குப் பதிலாக இணைத்துத் தருவதாக யாரேனும் கூறினால் ஒருபோதும் உடன்படாதீர்கள். எர்த் கம்பி உயிரைக் காப்பதற்கானது. மின்சாரம் தொடர்ந்து பாய்வதற்கானது அன்று.

மின்கசிவை உணர்ந்து நொடிப்பொழுதில் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் கருவி உங்கள் வீட்டு மின்பெட்டியில் உள்ளதா என்று பாருங்கள். மனித உயிரைக் காக்க 30 மில்லிஆம்பியர் அளவுடையதே ஏற்றது. அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்தினால் இணைப்பு உடனே துண்டிக்கப்பட வேண்டும். துண்டிக்கப்படவில்லையெனில், பலகைக்கு முன் மாற்ற வேண்டியது அதைத்தான்.

கீசர் விஷயத்தில் தனிக் கவனம் வேண்டும். 2000 வாட் கீசர் ஏறத்தாழ 9 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கிறது. 3000 வாட் ஆனால் 13 ஆம்பியர். 6 ஆம்பியர் பிளக் இதைத் தாங்காது; சூடேறி உருகும். கீசரையும் ஏ.சி.யையும் 16 ஆம்பியர் தாங்கும் கருவிகளின் வழியாகவே இயக்க வேண்டும்.

டேப்லெட் பலகையானால், அதன் அடாப்டரைச் சுவருக்குள் மறைத்துப் பூசிவிடக் கூடாது. அடாப்டர் சூடாகும், காற்றோட்டம் வேண்டும். அருகிலுள்ள பிளக் பாயின்ட்டில் அடாப்டரைச் செருகி, 5 வோல்ட் கம்பியை மட்டும் தனிக் குழாயிலோ சுவரின்மேல் ஒட்டும் கேசிங்கிலோ கொண்டுசெல்ல வேண்டும். 230 வோல்ட் கம்பி செல்லும் குழாயில் அதைச் சேர்த்து இழுப்பது தவறு. அடாப்டரில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவுக் குறி உள்ளதா எனவும் பாருங்கள்.

டேப்லெட்டின் மின்கலத்தையும் மறந்துவிடலாகாது. ஆண்டு முழுவதும் நூறு விழுக்காடு மின்னேற்றத்திலேயே வெப்பத்தில் தொங்கும் லித்தியம் மின்கலம் நாளடைவில் உப்பக்கூடும். மின்னேற்றத்தை 80 விழுக்காட்டில் நிறுத்தும் வசதி உங்கள் டேப்லெட்டில் இருந்தால் அதை இயக்குங்கள். இல்லையெனில் அடாப்டரை ஒரு ஸ்மார்ட் பிளக்கில் செருகி, 30 விழுக்காட்டில் தொடங்கி 80 விழுக்காட்டில் நிறுத்தும்படி அமைக்கலாம். திரை சட்டத்தைவிட்டு எழும்பினாலோ பின்பக்கம் புடைத்தாலோ உடனே மின் இணைப்பை நீக்கி, அதைக் கழற்றி, அங்கீகரிக்கப்பட்ட மின்னணுக் கழிவுச் சேகரிப்பாளரிடம் ஒப்படையுங்கள். குத்தவோ அழுத்தவோ கூடாது.

பழைய டேப்லெட்டைச் சுவரில் மாட்டும் முன்

வங்கியாளர் என்ற முறையில் நாங்கள் மிகவும் வலியுறுத்த விரும்பும் பகுதி இதுவே. பெரும்பாலோர் சுவரில் மாட்டுவது, தாம் பயன்படுத்திக் கைவிட்ட பழைய டேப்லெட்டை. அதில் மின்னஞ்சல் திறந்திருக்கும். உலாவியில் வங்கிக் கடவுச்சொல்லும் அட்டை எண்ணும் சேமிக்கப்பட்டிருக்கும். கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்திகள் அங்கும் தோன்றும்படி என்றோ இணைத்திருப்போம். கைப்பேசிக்கு ஓ.டி.பி. வரும் அதே நொடியில் கூடத்துச் சுவரிலும் அது ஒளிர்ந்தால், அந்த எண்ணை ரகசியமாக வைப்பதில் பொருள் என்ன?

ஆகவே பின்வரும் வரிசையில் செயல்படுங்கள்.

1. டேப்லெட்டில் உள்ள வங்கிச் செயலியிலிருந்தும் யு.பி.ஐ. செயலியிலிருந்தும் உங்கள் பதிவை முறைப்படி நீக்குங்கள். செயலியின் சின்னத்தை மட்டும் அழிப்பது போதாது.

2. சிம் அட்டையும் நினைவக அட்டையும் இருந்தால் கழற்றுங்கள்.

3. கைப்பேசியின் செய்திச் செயலிகளில் ‘இணைக்கப்பட்ட கருவிகள்’ என்னும் பகுதியைத் திறந்து, இந்த டேப்லெட்டின் பெயரை அங்கிருந்து நீக்குங்கள்.

4. டேப்லெட்டிலுள்ள மின்னஞ்சல் கணக்கை வெளியேற்றி, பின்னர் ‘ஃபேக்டரி ரீசெட்’ செய்யுங்கள்.

5. மீண்டும் தொடங்கும்போது உங்கள் சொந்தக் கணக்கை உள்ளிடாமல், பலகைக்கென்றே புதிய மின்னஞ்சல் கணக்கு ஒன்றை உருவாக்குங்கள். அக்கணக்கில் எந்தக் கட்டண அட்டையையும் சேர்க்க வேண்டாம்.

6. கட்டுப்பாட்டுச் செயலி ஒன்றைத் தவிர வேறு எதையும் நிறுவாதீர்கள்.

7. அச்செயலியைவிட்டு வெளியேற முடியாதபடி பூட்டுங்கள். ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளில் செயலியைத் திரையில் நிலைநிறுத்தும் வசதி பாதுகாப்பு அமைப்புகளில் உள்ளது. ஐபேடில் ‘கைடட் ஆக்செஸ்’ என்னும் பெயரில் அது கிடைக்கிறது. வெளியேறுவதற்கான எண் உங்கள் ஏ.டி.எம். எண்ணாக இருக்கக்கூடாது.

உற்பத்தியாளர் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை நிறுத்திவிட்ட மிகப் பழைய டேப்லெட்டானால், வெளி இணையத்திற்குச் செல்லாமல் வீட்டு வலையமைப்புக்குள் மட்டும் இயங்கும்படி ரவுட்டரில் அதைத் தடுத்துவைப்பது நலம். இணையத்தைச் சார்ந்தே இயங்கும் செயலிகளுக்கு இவ்வழி பொருந்தாது. அவற்றுக்குப் புதுப்பிப்புகள் கிடைக்கும் டேப்லெட்டையே பயன்படுத்த வேண்டும்.

வீட்டு வலையமைப்பு

2016-ஆம் ஆண்டு ‘மிராய்’ என்னும் தீநிரல் உலகெங்கும் இணையக் கேமராக்களையும் ரவுட்டர்களையும் தன்வசப்படுத்தியது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று அவற்றைக் கொண்டு நிகழ்ந்த தாக்குதலில் அமெரிக்காவின் பெரிய இணையதளங்கள் பல முடங்கின. அந்தத் தீநிரல் பெரும் நுட்பம் எதையும் கையாளவில்லை. தொழிற்சாலையில் இட்ட பெயரும் கடவுச்சொல்லும் மாற்றப்படாத கருவிகளைத் தேடி, அறுபதுக்கும் மேற்பட்ட பொதுவான கடவுச்சொற்களை ஒவ்வொன்றாக முயன்று பார்த்தது. அவ்வளவே.

இதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் எளியது. ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல், வை-ஃபை கடவுச்சொல், கேமராவின் கடவுச்சொல் ஆகிய மூன்றையும் முதல் நாளே மாற்றுங்கள். மூன்றும் வெவ்வேறாக இருக்கட்டும். கருவிகளின் செயலிக் கணக்குகளில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்குங்கள்.

உங்கள் ரவுட்டரில் இரண்டாவது வலையமைப்பை உருவாக்கும் வசதி இருந்தால், பலகையையும் வீட்டுக் கருவிகளையும் அதில் இணைத்து, வங்கிப் பணிகளுக்குப் பயன்படும் கைப்பேசியையும் கணினியையும் முதல் வலையமைப்பிலேயே வைத்துக்கொள்ளலாம். பலகை ஒரு வலையமைப்பிலும் விளக்குகள் மற்றொன்றிலும் இருந்தால் அவை ஒன்றையொன்று காணாமற் போகலாம். எனவே இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். சில ரவுட்டர்களின் ‘விருந்தினர்’ வலையமைப்பு, தன்னுள் இருக்கும் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதையும் தடுக்கும். அந்தத் தடையை நீக்கும் அமைப்பு உள்ளதா எனப் பார்த்துக்கொள்ளுங்கள்.

திரையில் எவை இருக்கலாம், எவை கூடாது

திரையின் முதற்பக்கம் ஒன்றே போதும். முன்னர் எழுதிய தாளில் உள்ள எட்டு அல்லது பத்துப் பொத்தான்களைப் பெரிய எழுத்தில் அமையுங்கள். நிறுவனம் தந்த ஆங்கிலப் பெயர்களை நீக்கி, வீட்டில் வழங்கும் பெயர்களையே தமிழில் இடுங்கள். ‘பாட்டி அறை விசிறி’, ‘பூசை விளக்கு’, ‘குளியல் வெந்நீர்’ என்றிருந்தால் யாரும் விளக்கம் கேட்க வேண்டியதில்லை.

கீசர் பொத்தானைத் தானே அணையும்படி அமைப்பது அவசியம். 15 லிட்டர் நீரை 25 பாகையிலிருந்து 60 பாகை செல்சியசுக்குச் சூடாக்க ஏறத்தாழ 0.6 யூனிட் மின்சாரம் போதும். 2000 வாட் கீசர் அதை இருபது நிமிடத்திற்குள் முடித்துவிடும். அதன்பின்னும் கீசரை அணைக்காமல் விட்டால், நீர் ஆறும்போதெல்லாம் அது மீண்டும் மீண்டும் சூடாக்கிக்கொண்டே இருக்கும். இருபத்தைந்து நிமிடத்தில் அணையும்படி அமைத்துவிட்டால் மறதியின் செலவு மின்கட்டணத்தில் ஏறாது.

ஏ.சி.யை ஸ்மார்ட் ரிமோட் கருவி வழியாக இயக்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அக்கருவி அகச்சிவப்புக் கதிரை அனுப்புமே தவிர, ஏ.சி. அதை ஏற்றதா என்று அறியாது. திரையில் ‘அணைந்தது’ எனக் காட்டினாலும் ஏ.சி. ஓடிக்கொண்டிருக்கலாம். வெளியூர் செல்லும்போது திரையை நம்பாமல் சுவிட்சை அணைத்துவிட்டே புறப்படுங்கள்.

கூடாதவற்றின் பட்டியல் சிறியது, ஆனால் கண்டிப்பானது. வாசற்கதவின் பூட்டைத் திறக்கும் பொத்தான் எண் பாதுகாப்பின்றி இருக்கக்கூடாது. படுக்கையறைக் கேமராவின் காட்சி பலகையில் வேண்டாம். குடும்பத்தினர் எப்போது எங்கே இருக்கிறார்கள் என்று காட்டும் வரைபடமும், பயணத் தேதிகள் நிறைந்த நாட்காட்டியும் வேண்டாம். பொருள் வாங்கும் வசதியும் கட்டணம் செலுத்தும் வசதியும் அறவே வேண்டாம். ஐயம் எழும்போதெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இதை வீட்டுக்கு வந்த விருந்தினர் ஒருவர் தொட்டால் நமக்கு நட்டம் உண்டா? ‘உண்டு’ என்பது விடையானால் அது கைப்பேசியிலேயே இருக்கட்டும்.

மூன்று சோதனைகள்

பலகை இயங்கத் தொடங்கியதும் வேலை முடிந்துவிட்டதாகக் கருத வேண்டாம். ஒரு விடுமுறை நாளில் மூன்று சோதனைகளைச் செய்து பாருங்கள்.

முதலாவது, ரவுட்டருக்கு வரும் இணையக் கம்பியை மட்டும் கழற்றிவிட்டு ஒரு மணி நேரம் வீட்டைப் பயன்படுத்துங்கள். எந்தெந்தப் பொத்தான்கள் வேலை செய்யவில்லை எனக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, மெயின் சுவிட்சை அணைத்துப் பத்து நிமிடங்களுக்குப் பின் மீண்டும் போடுங்கள். சில விளக்குகள் மின்சாரம் திரும்பியதும் தாமே எரியத் தொடங்கும். நள்ளிரவில் மின்தடை நீங்கியதும் வீடு முழுவதும் விளக்கெரிந்தால் உறக்கம் கெடும். கீசரும் அவ்வாறே இயங்கினால் மின்சாரம் வீணாகும். ‘மின்சாரம் திரும்பினால் அணைந்த நிலை’ என்னும் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் ரவுட்டரையும் பலகையையும் அந்த இணைப்பில் சேர்ப்பது நன்று.

மூன்றாவதே முதன்மையானது. பலகையை அமைத்தவர் வீட்டைவிட்டு அரைநாள் வெளியே செல்லட்டும்; யாருக்கும் தொலைபேசியில் விளக்கம் சொல்ல வேண்டாம். திரும்பி வந்து பாட்டியைக் கேளுங்கள். விசிறியைப் போட முடிந்ததா? வெந்நீர் கிடைத்ததா? முடியவில்லை என்றால் குறை பாட்டியிடம் இல்லை. பலகையின் அமைப்பில் இருக்கிறது. பொத்தானைப் பெரிதாக்குங்கள், பெயரை மாற்றுங்கள், தேவையற்றதை நீக்குங்கள்.

எல்லாவற்றிற்கும் மேலாக, சுவரிலுள்ள சாதாரணச் சுவிட்சுகளை அகற்றிவிடாதீர்கள். பலகை பழுதானாலும், அந்த நிறுவனமே சேவையை நிறுத்தினாலும், விளக்கும் விசிறியும் கையால் இயங்க வேண்டும்.

செலவும் பழுதும்

5 வாட் எடுக்கும் திரை இரவு பகல் எரிந்தால் முப்பது நாளில் 3.6 யூனிட் செலவாகும். ஆள் அருகில் வந்தால் மட்டும் ஒளிரும்படி அமைத்தால் இது மேலும் குறையும். பலகையால் மின்கட்டணம் தானே குறைந்துவிடும் என்று எண்ண வேண்டாம்; அதைக் கொண்டு நாம் அணைக்கும் கருவிகளால்தான் குறையும்.

பலகை பழுதானால், இணையத்தில் ‘வாடிக்கையாளர் சேவை எண்’ என்று தேடி முதலில் தோன்றும் எண்ணை அழைக்காதீர்கள். மோசடியாளர்கள் போலி எண்களை அங்கே விதைத்து வைத்திருக்கிறார்கள். பழுதைச் சரிசெய்வதாகக் கூறி, திரையைப் பகிரும் செயலி ஒன்றை உங்கள் கைப்பேசியில் நிறுவச் சொல்வார்கள். பின்னர் ‘பதிவுக் கட்டணம்’ எனச் சிறு தொகை செலுத்தச் சொல்வார்கள். நீங்கள் இடும் எண்களையெல்லாம் அவர்கள் கண்டுகொண்டிருப்பார்கள். கருவியின் அட்டைப்பெட்டியிலோ ரசீதிலோ அச்சிட்ட எண்ணை மட்டுமே அழையுங்கள். வாங்கிய நாளிலேயே அந்த எண்ணைப் பலகையின் சட்டத்திற்குப் பின்னால் எழுதி ஒட்டிவைப்பது எளிய காப்பு.

பணம் பறிபோனதாக அறிந்தால் உடனே உங்கள் வங்கிக்குத் தெரிவியுங்கள். 1930 என்னும் தேசிய சைபர் குற்ற உதவி எண்ணையும் அழையுங்கள். 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட அறிவுறுத்தலின்படி, வங்கியின் குறையோ வாடிக்கையாளரின் குறையோ இன்றி வேறொருவரின் மீறலால் நேர்ந்த இழப்பை மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை. ஆனால் தாமே எண்களைப் பகிர்ந்ததால் நேர்ந்த இழப்பு, வங்கிக்குத் தெரிவிக்கும் வரை வாடிக்கையாளரையே சாரும். எனவே தயக்கமோ கூச்சமோ கொள்ளாமல் அந்த நிமிடமே தெரிவிப்பதுதான் அறிவுடைமை.

வீடு மாறும்போது பலகையை விட்டுச் செல்வதாயின், எல்லாக் கணக்குகளிலிருந்தும் வெளியேறி, மறுபடி ரீசெட் செய்து, கருவிகளின் உரிமையைச் செயலியிலிருந்து நீக்கிய பின்னரே சாவியை ஒப்படையுங்கள். புதிய வீட்டுக்குக் குடிபுகுவோரும், அங்கே ஏற்கெனவே பொருத்தப்பட்டிருக்கும் பலகையையும் கேமராவையும் ரீசெட் செய்த பின்னரே பயன்படுத்த வேண்டும்.

வீட்டின் வசதி வீட்டார் அனைவருக்கும் எட்ட வேண்டும். வீட்டின் பணம் உரியவரைத் தவிர வேறெவருக்கும் எட்டக்கூடாது. இவ்விரண்டையும் பிரித்து நிறுத்தினால், உங்கள் சுவரிலுள்ள திரை நெடுநாள் நன்மை தரும்.